பதிந்தவர் வேறு, சொன்னவர் வேறு

‘பேருல என்ன தோழர் இருக்கு?’ என்று கேட்பவர்களைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். கேட்கிற ஒவ்வொருவர் பேரும் ஏற்கெனவே எங்கேயாவது அச்சாகியிருக்கிறது. புத்தக அட்டையில், கருத்தரங்க அழைப்பிதழில், அப்பன் பாட்டன் பட்டாவில். பேர் இல்லாமலேயே வாழ்ந்து பேர் இல்லாமலேயே செத்துப்போன எங்கள் சனங்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்கிற கேள்வி வேறு: ‘எம் பேரைச் சரியா எழுதுனியா?’

இப்போது இந்தக் கேள்வி கணினிக்குள் போய்விட்டது. ‘தலித் இதழில் எதற்கய்யா கணினி விவகாரம்’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஓலையில் நடந்தது, காகிதத்தில் நடந்தது, இப்போது இங்கே நடக்கிறது. நடத்துகிறவர்களும் அநேகமாக அதே ஆட்கள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் பஞ்சமி நிலம் பற்றிய வாக்குமூலங்களைச் சேகரிக்கும் வேலையை 2017 வாக்கில் தொடங்கினோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையும், அதன் பிறகு 1892-ல் வந்த அரசாணையும், சென்னை மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலம் எப்படிக் கைமாறிப் போனது என்பதும் இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதி. 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் பெயரையும் நாம் மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் எந்த நிலம், யார் உழுதது, எந்த வருஷம் யார் வந்து வேலி போட்டான் என்பதெல்லாம் கிழவிகள் வாயில்தான் இருக்கிறது. அதை வாங்கிப் பதிய எங்களுக்கு ஒரு விக்கி அமைத்துக் கொடுத்தார்கள்.

விக்கி என்பது பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கம். அதன் பெரிய பலம் பக்கத்தில் இல்லை, பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற ‘வரலாறு’ என்கிற பட்டியலில் இருக்கிறது. இன்ன தேதி, இன்ன நேரம், இன்னார் இந்த வரியைச் சேர்த்தார், இன்னார் இந்த எண்ணைத் திருத்தினார் என்று அதில் விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். பத்தாவது முடித்துவிட்டுக் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகள், ஒரு அங்கன்வாடி அக்கா இப்படிப் பலரும் எழுதினார்கள். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்திய பெண், தன் பேர் அந்தப் பட்டியலில் விழுந்திருப்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். அவள் பேர் அரசாங்க ரேஷன் கார்டுக்கு அப்புறம் ஏறிய இரண்டாவது இடம் அது.

2022-ல் எங்களுக்கு சர்வர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம், ‘பழைய விக்கி பாதுகாப்பில்லை, பராமரிக்க முடியவில்லை’ என்று சொல்லி எல்லாவற்றையும் கிட் என்கிற பதிப்புக் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றியது. மாற்றியது தப்பென்று நான் சொல்லவில்லை. கிட் நல்ல கருவி. நகல் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம், ஒருத்தன் சர்வரை மூடினாலும் இன்னொருத்தனிடம் முழுசாக இருக்கும். ஆனால் எப்படி மாற்றினார்கள்? பக்கங்களின் கடைசி நிலையை மட்டும் வாரி எடுத்து, ஒரே மூட்டையாக, ஒரே நாளில், ஒரே ஆள் பேரில் உள்ளே தள்ளினார்கள். ஐந்து வருஷத்து வரலாறு ஒரு வரியாகிப் போனது. இன்று அந்தக் களஞ்சியத்தில் எந்த வரியைத் தொட்டு ‘இது யார் எழுதியது’ என்று கேட்டாலும் அந்தத் தொழில்நுட்பத் தோழரின் பேர் வருகிறது. 2018-ல் எண்பது வயதில் எங்களோடு வரப்பில் நடந்து வந்து கிணற்றின் எல்லையைக் கால் கட்டைவிரலால் கோடு கிழித்துக் காட்டிய பெரியம்மா சொன்ன வார்த்தைக்கும் அவர் பேர்தான். அந்தக் கிராமத்துக்கு அவர் ஒருதரம்கூட வந்தது கிடையாது.

கேட்டோம். ‘அது டீஃபால்ட் தோழர், மெஷின் அப்படித்தான் போடும்’ என்றார்.

மெஷின் மேல் பழியைப் போடுகிற இந்தப் பேச்சைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்த மெஷின் அப்படிப்பட்டதே இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை எழுதியபோது ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு கட்டம் வைத்தார். ஒன்று எழுதியவர், மற்றது பதிந்தவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேர், மின்னஞ்சல், தேதி, நேரம். எதற்காக இரண்டு? லினக்ஸ் வேலை நடந்த விதம் அப்படி. எங்கேயோ இருக்கிற ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதி மின்னஞ்சலில் அனுப்புவார். பொறுப்பாளர் அதைச் சரிபார்த்து உள்ளே ஏற்றுவார். ஏற்றியவர் எழுதியவர் ஆகிவிட மாட்டார் என்று அந்தக் கருவியின் அடிக்கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. எழுதிய தேதி வேறு, ஏற்றிய தேதி வேறு என்றும் செதுக்கியிருக்கிறது. எங்கள் தோழர் செய்திருக்க வேண்டியது பழைய விக்கியின் வரலாற்றை ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் எழுதியவர் கட்டத்தில் அவரவர் பேரையும் தேதியையும் போட்டு, பதிந்தவர் கட்டத்தில் தன் பேரைப் போட்டுக்கொள்வது. அவர் உழைப்புக்குரிய இடம் அங்கே காலியாகவே இருக்கிறது. யார் வேண்டாம் என்றது?

விக்கியையும் கிட்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் இதை யோசிக்காமலும் இல்லை. ஜோயி ஹெஸ் எழுதிய இக்கிவிக்கியில் பக்கங்கள் கிட்டிலேயே இருக்கும். இணையத்தின் வழியாகத் திருத்துகிறவருக்கு சர்வரில் கணக்கு இருக்காது. பதிவது சர்வரின் கைதான். அதனால் ஆரம்பத்தில் பதிவுக் குறிப்பிலேயே ‘இணையப் பதிவு, செய்தவர் இன்னார்’ என்று ஒரு வரி எழுதி, பிறகு அதிலிருந்து பேரைப் பிரித்து எடுத்தார்கள். அப்புறம் திருத்தியவர் பேரை எழுதியவர் கட்டத்திலேயே நேராகப் போட வழி செய்தார்கள். கிட்ஹப் ஆட்கள் 2010-ல் வெளியிட்ட கால்லம் என்கிற விக்கியில் உள்நுழைவு ஏற்பாடே கிடையாது. நிறுவுகிறவர் ‘இப்போது திருத்துகிறவர் இன்னார்’ என்று அதற்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் யார் திருத்தினாலும் சர்வரின் பொதுப்பேரில்தான் விழும். எங்களுக்குக் கொடுத்தது இந்தக் கால்லம்தான். தெரிவிக்கவில்லை. ஆக, 2022-க்கு முன்னால் எழுதியதெல்லாம் ஒரு தோழர் பேரில், அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் ‘அட்மின்’ பேரில். டீஃபால்ட் என்கிற வார்த்தைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ‘வழக்கம்போல’ என்பதுதான் பொருத்தமாக இருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? நில விசாரணை ஒன்றில் இந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு போனோம். எதிர்த்தரப்புக்காரர் அச்சுப் பிரதியைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். ‘இதெல்லாம் ஒரே ஆளு ஒரே நாள்ல எழுதுனதா இருக்கே, மனு கொடுத்ததுக்கு அப்புறம்தான எழுதியிருக்கீங்க?’ ஐந்து வருஷம் முப்பது பேர் நடந்து நடந்து சேர்த்தது, ஒரு ஆள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய கதையாகிப் போனது. அந்தப் பெரியம்மா 2020-ல் இறந்துவிட்டார். திரும்பப் போய்க் கேட்க முடியாது. அவர் உயிரோடு இருந்தபோது சொன்னதற்கு ஆதாரமாக இருந்தது அந்தத் தேதி ஒன்றுதான்.

இந்த இடத்தில் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 2003-ல் எஸ்சிஓ என்கிற கம்பெனி ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. லினக்ஸுக்குள் எங்கள் சரக்கு இருக்கிறது, இது யார் எழுதியது என்று காட்டு என்பது வழக்கின் சாரம். அடுத்த வருஷமே, 2004-ல், லினக்ஸ்காரர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள். திருத்தம் அனுப்புகிற ஒவ்வொருவரும், அதைக் கைமாற்றிவிடுகிற ஒவ்வொருவரும், ‘இது இன்ன வழியாக வந்தது, நான் பொறுப்பு’ என்று கீழே ஒரு வரியில் ஒப்பம் இட வேண்டும். இன்றைக்கும் இடுகிறார்கள். சொத்து என்று வந்தால், கோர்ட்டு என்று வந்தால் ‘பேருல என்ன இருக்கு’ என்று அங்கே எவனும் தத்துவம் பேசவில்லை பாருங்கள். எங்கள் சொத்துக்கு மட்டும் தத்துவம்.

தமிழ் படித்தவள் என்கிற முறையில் எனக்கு இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. மேடைக்கு மேடை சங்கப் பெருமை பேசுகிற தோழர்களே, ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர்கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியவர்கள் ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார். ஆளுக்கு நூறு. தொகுத்தவர் பேரில் ஐந்நூறையும் யாரும் எழுதி வைக்கவில்லை, காசு கொடுத்த அரசன் பேரிலும் எழுதி வைக்கவில்லை. அதற்கும் மேலே, அகப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று சொல்கிறவர் யார் என்பதைத் தனியாகக் குறித்தார்கள். புலவர் பேரே தெரியாமல் போன இடங்களில்கூட அந்தப் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என்று பேர் வைத்தார்கள். ‘அட்மின்’ என்று போடவில்லை. அந்தப் பாட்டில் பேசுகிற தலைவி கற்பனை. அவளுக்கே ஒரு கட்டம் இருந்தது. ரத்தமும் சதையுமாக எங்கள் முன்னால் உட்கார்ந்து பேசிய பெரியம்மாவுக்கு இல்லை.

இந்தப் பெருமையை நான் மயங்கிப்போய்ச் சொல்லவில்லை. அரசனும் புலவனும் தொகுத்த அந்த ஏட்டில் எங்கள் சேரியின் இடம் என்ன என்பது தனிச் சண்டை. ஏட்டைக் கொண்டுவந்தவன் கதைக்கு வாருங்கள். திருக்குறள் ஓலைச்சுவடியை ஆரிங்டன் துரையிடம் கொடுத்து, அவர் வழியாக எல்லிஸ் கைக்குப் போகச் செய்தவர், அந்தத் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். நம்முடைய பதிப்பு வரலாறுகளில் எல்லிஸுக்கு இடம் உண்டு, அச்சிட்டவர்களுக்கு இடம் உண்டு. பட்லருக்கு? அவருடைய பேரன் 1907-ல் பத்திரிகை தொடங்கி எழுதப்போய்த்தான் அந்தப் பேர் நமக்குக் கிடைத்தது. பேரன் எழுதாமல் போயிருந்தால் கந்தப்பனும் ‘அட்மின்’தான். அந்தப் பேரன் எழுதியவையே எண்பது தொண்ணூறு வருஷம் கிடப்பில் கிடந்து, 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. சிந்தனை அயோத்திதாசருடையது, தொகுப்பு அலாய்சியஸுடையது. இரண்டு பேர், இரண்டு இடம். அச்சுப் புத்தகத்தில் சாதாரணமாகச் செய்கிற இந்தக் காரியத்தைக் கணினியில் செய்ய மட்டும் கை வலிக்கிறது.

அடுத்து வருகிற சமாதானம் இன்னும் மோசமானது. ‘இது கூட்டு உழைப்பு தோழர், தனிமனிதப் பேர் தேடுவது குட்டி முதலாளித்துவ மனோபாவம்.’ நல்லது. அப்படியானால் உங்க பேர் மட்டும் அங்க என்ன பண்ணுது? எல்லாப் பேரையும் எடுத்துவிட்டு ஊர் பேரை வைத்திருந்தால்கூட இந்த வாதத்தைக் காது கொடுத்துக் கேட்டிருப்பேன். கூட்டு உழைப்பு என்று சொல்லி முப்பது பேரின் பேரை அழித்து ஒருத்தர் பேரை வைப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பேர் உண்டு. பண்ணை என்பார்கள். நாற்று நட்டது இருபது பேர், அடித்துத் தூற்றியது பதினைந்து பேர், மூட்டையில் ஒரு பேர்.

உரிமம் என்று ஒன்றும் இருக்கிறது. விக்கிப்பீடியா 2009-லிருந்து படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வருகிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும். பலபேர் எழுதிய பக்கத்துக்கு அந்த வரலாற்றுப் பட்டியல்தான் எழுதியவர் பட்டியல். எங்கள் விக்கியின் அடியிலும் அதே உரிமத்தைப் போட்டவர்கள் இவர்கள்தான். பட்டியலை வெட்டி எறிந்ததும் இவர்கள்தான்.

கிட்டில் ஒரு வரியை யார் எழுதியது என்று பார்க்கிற கட்டளைக்கு என்ன பேர் தெரியுமா? ‘பிளேம்’. பழி. அதற்கு முந்திய சப்வெர்ஷன் என்கிற கருவியில் இதே வேலைக்கு ‘பிரெய்ஸ்’, அதாவது பாராட்டு, என்று ஒரு மாற்றுப் பேரும் உண்டு. எதைத் தட்டினாலும் ஒரே விடைதான் வரும். குறும்புக்கு வைத்த பேராக இருக்கலாம். எங்களுக்கு அது குறும்பாகப் படவில்லை. திருட்டு நடந்தால், தேர் எரிந்தால், போலீஸ் ஜீப் வந்தால் எங்கள் பேர்ப் பட்டியல் எப்படியோ உடனே தயாராகிவிடுகிறது. அப்போது எந்த மெஷினுக்கும் டீஃபால்ட் கிடையாது.

நியாயமாகக் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு. பேர் வெளியே தெரிந்தால் ஆபத்தில்லையா? உண்டு. ஆதிக்கச் சாதிக்காரன் நிலத்தைப் பற்றி ஒரு பெண் பேர் போட்டு எழுதினால் அவள் திரும்ப அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அரசு வேலையில் இருக்கிற தோழர்களுக்குச் சிக்கல் வரும். கணக்கு இல்லாமல் திருத்தியவர்களின் ஐபி முகவரியைப் பழைய விக்கி பேருக்குப் பதிலாகக் காட்டும். விக்கிமீடியாவே 2024-லிருந்துதான் தன் தளங்களில் படிப்படியாகத் தற்காலிகக் கணக்குகளைக் கொண்டுவந்து அதை மறைக்கத் தொடங்கியது. கிட்டில் ஆபத்து இன்னும் அதிகம். பேர் ஒருமுறை ஏறி நகல்கள் பரவிவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. அதனால்தான் சொல்கிறோம்: ஏற்றுவதற்கு முன்னால் கேளுங்கள். சொந்தப் பேரா, புனைபேரா, ஊர் பேரா, வேண்டவே வேண்டாமா? நாற்பது பக்கத்துக்கு ஒரே புனைபேர் இருந்தால், அது ஒரே ஆள், அவர் வேறு, பதிந்தவர் வேறு என்பதாவது நிற்கும். காத்தவராயன் என்கிற ஆள் தன் ஆசிரியர் பேரை எடுத்துக்கொண்டுதான் அயோத்திதாசர் ஆனார். தானே ஒரு பேரை மறைத்து வேறு பேர் சூடிக்கொள்வது அவரவர் உரிமை. ‘உங்க பாதுகாப்புக்காகத்தான் எடுத்தோம்’ என்று, கேட்காமலே எடுத்துவிட்டுப் பிறகு சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிட்டில் எழுதியவர் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் யார் பேரை வேண்டுமானாலும் போடலாம். அது தடுக்காது. பதிகிறவர் மின்-ஒப்பம் இட்டால்கூட அது பதிந்தவருக்குத்தான் அத்தாட்சி, எழுதியவருக்கு இல்லை. ஆக, எங்கள் பேரைப் போட்டுத் தங்கள் சரக்கை உள்ளே ஏற்றுகிற வேலையும் நடக்கலாம். தலித் அனுபவத்தை யார் எழுதுவது என்று தொண்ணூறுகளில் இதே போன்ற பக்கங்களில் போட்ட சண்டை முடியவில்லை. இன்னொரு கதவு வழியாக வருகிறது. அதனால் பேர் போட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. பேருக்குரியவர் பார்த்துப் படித்து, படிக்கத் தெரியாவிட்டால் படிக்கக் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு ஏற வேண்டும்.

கடைசியாகச் சொன்னது, ‘இனி மாத்தவே முடியாது’ என்பது. ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு முத்திரை எண் உண்டு. பேரையும் தேதியையும் சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. ஒரு பேரில் ஓரெழுத்து மாறினாலும் அதிலிருந்து பின்னால் வருகிற எல்லா முத்திரைகளும் மாறும். உண்மைதான். மாறட்டுமே? வரலாற்றைத் திருத்தி எழுதவே ஃபில்டர்-ரெப்போ என்று கருவி இருக்கிறது. மெயில்மேப் என்கிற கோப்பில் பேரை மாற்றிக் காட்டலாமே என்று ஒரு மாணவர் யோசனை சொன்னார். அது ஒருவர் தன் பேரை மாற்றிக்கொண்டால் உதவும். ஒரே பேருக்குள் மூழ்கிப்போன முப்பது பேரைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க அதனால் ஆகாது. செய்ய வேண்டியது, பழைய விக்கியின் தரவுத்தளத்திலிருந்து புதிதாக, ஒவ்வொரு திருத்தமாக, மறுபடி ஏற்றுவது. கிட்டில் சொன்னவருக்குத் தனிக் கட்டம் இல்லை. ஆனால் பதிவுக் குறிப்பின் அடியில், லினக்ஸ்காரர்கள் ஒப்பம் இடுகிற அதே இடத்தில், ‘சொன்னவர்’ என்று ஒரு வரி எழுத எவன் அனுமதியும் தேவையில்லை. இணைந்து எழுதியவர்களின் பேரை இப்படித்தான் உலகம் முழுக்கப் போடுகிறார்கள், கிட்ஹப் 2018-லிருந்து அதைப் படித்துக் காட்டவும் செய்கிறது.

பழைய தரவுத்தளத்தின் நகல் ஒரு ஹார்ட் டிஸ்கில் எங்களிடம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து பயனர் பேருக்கு நேரே ஆள் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு பேர் புனைபேர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். சர்வே எண்ணைத் திருத்திய பெண் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா பேரின் முதலெழுத்தோடு போடு என்று சொல்லிவிட்டாள். பெரியம்மாவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தது அவர் பேரன். எழுதியவர் கட்டத்தில் அவன் பேர், ‘சொன்னவர்’ வரியில் அவர் பேர். மின்னஞ்சல் என்ன போடுவது என்று பேரன் கேட்டான். அங்கே எதை எழுதினாலும் கிட் ஏற்றுக்கொள்ளும், ஊர் பேரைப் போடு என்று சொல்லியிருக்கிறோம்.